பாதியில் திரும்பிய பிரதட்சிணம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். சாமிக்கு நேர்ந்துகொண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பார்கள். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், கோவையாக எழுதவும் வராது. சிவன் பேரைச் சொல்லி இப்போது எழுதுகிறேன்.

எங்கள் மகன் பூனாவில் ஹடப்சர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். அப்போது என் வீட்டுக்காரர் ஒரு வேண்டுதல் வைத்தார். கொங்கண் கரையில் கடலை ஒட்டிய மலையடியில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. பிள்ளை எழுந்தால், அந்தக் கோயிலை மலையோடு சேர்த்து வெறுங்காலால் வலம் வருகிறேன் என்றார்.

பிள்ளை எழுந்தான். கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு எல்லோருமாகப் பூனாவிலிருந்து வண்டி பிடித்துப் போனோம். மருமகள் மராட்டிப் பெண். அந்தக் கல்யாணத்தில் இவருக்கு மனசில்லை. அவளிடம் நேராகப் பேசவே மாட்டார். “அந்தப் பிள்ளைட்ட சொல்லு” என்று எல்லாம் என் வழியாகத்தான்.

கடற்கரையில் அன்று ஒரே காற்று. சாப்பிட்ட அவல் போஹாவில் பாதி மணல். பேத்தியின் தொப்பி பறந்துபோனது.

“யப்பா, வேட்டிய இறுக்கிக் கட்டுங்க. இல்லன்னா நீங்க இங்க, வேட்டி பம்பாயில” என்றான் மகன்.

“போலே, ஒன் வாய்க்கு மட்டும் ஒரு அடியும் படலயே” என்று இவரும் சிரித்துவிட்டார்.

பூஜை முடிய நேரமாகிவிட்டது. கடல் ஏறும் முன் சுற்றி வந்துவிடுங்கள் என்று பூசாரி சொல்லி அனுப்பினார். மகனையும் பேத்தியையும் மணலில் உட்கார வைத்துவிட்டு, நாங்கள் மூவரும் பாறை வழியே இறங்கினோம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். நடுவில் வழுக்குப் பாறைதான் பாதை. பாதி தூரம் போவதற்குள் அலை பாதை மேலேயே அடித்தது. முழங்கால் வரை நனைந்தோம். நான் நின்றுவிட்டேன்.

“திரும்பிருவோங்க. தண்ணி ஏறுது.”

“கூறுகெட்டத்தனமா பேசாத. வலம் வரையில பாதில திரும்புனா வேண்டுதல் பொய்யாயிரும். பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் வாரேன்.”

பிடிவாதம் இல்லை அது. பயம். மகனுக்குக் கிடைத்த உயிரைச் சாமி திரும்பக் கேட்டுவிடுவாரோ என்ற பயம். அது எனக்கும் இருந்தது.

மருமகள் அவருக்கு முன்னால் போய் நின்றாள். காற்றில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“பாபா, எங்க வீட்டுல மகாதேவுக்குப் பாதிதான் பிரதட்சிணா. அபிஷேகத் தண்ணி போற எடம் வரைக்கும் போறது, தாண்டாம திரும்பி வரது. அதுவே பூரா. தண்ணிய தாண்டினாதான் தப்பு.”

“அது ஒங்க வழக்கம்.”

முதல் தடவையாக அவளுக்கே பதில் சொல்லியிருந்தார்.

“அவர் என் புருஷன், பாபா. ஐசியூ வெளிய நானும்தான் உக்காந்திருந்தேன். அவர் உயிருக்கு எனக்குப் பயமில்லையா? நான் சொல்றேன், திரும்புங்க.”

இவர் அவளையே பார்த்தார். பிறகு கடலைப் பார்த்துக் கைகூப்பினார். உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. திரும்பியபோது கால் வழுக்கியது. அவள் கையை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் கோயில் படி வரை வந்தார். படியில் நின்று பார்த்தோம். நாங்கள் நின்ற பாறை தெரியவில்லை.

மகன் இன்றும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறான். வேண்டுதல் குறையாகிவிட்டது, அதனால்தான் கால் நேராகவில்லை என்று சொந்தத்தில் சிலர் சொன்னார்கள். பிரதோஷம் வந்தால் இவர், “ஏம்மா, கோயிலுக்கு வாரியா?” என்று அவளிடமே கேட்கிறார்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் சிவனே பெண்ணாக வந்து நின்றார் என்று கூட்டிச் சொல்ல வேண்டாம். எங்கள் மேல் இரக்கப்பட்டு, முழுதாகச் சுற்றி வந்தார்கள் என்றும் மாற்ற வேண்டாம். பாதியில் திரும்பினோம். அப்படியே சொல்லுங்கள்.