எங்கள் குடும்பத்தையே ஃபெயிலாக்கிய கேப்டன் எஸ்தர்

செய்தி வந்தபோது என் எதிரே ஒரு விமானி உட்கார்ந்திருந்தார். ஹைட்ராலிக் அமைப்பைப் பற்றி நான் கேட்ட கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தார். தேர்வு நடக்கும்போது கைபேசியை அணைத்துவிடுவது என் வழக்கம். அதனால் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டி, கடலூரிலிருந்து அவசர அழைப்பு என்றார். பேசியது எஸ்தரின் தம்பி. "அக்கா போயிட்டாங்கண்ணே. காலைல காபி குடிச்சிட்டுத்தான் இருந்தாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே…" அன்று நான் தேர்வைத் தொடரவில்லை.

கேப்டன் எஸ்தரோடு பறந்தவர்களுக்கு அவருடைய வேலையை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உரிமம் வாங்கிவிட்டால் மட்டும் ஒரு விமானி காலமெல்லாம் பறந்துவிட முடியாது. விமானத்தின் எரிபொருள், மின்சாரம், காற்றழுத்தம் எல்லாம் எப்படி இயங்குகின்றன, ஒன்று கோளாறானால் எதை முதலில் செய்ய வேண்டும் என்று அவ்வப்போது யாராவது கேட்டுச் சோதிப்பார்கள். எங்கள் நிறுவனத்தில் பல ஆண்டுகள் அப்படிக் கேட்டவர் எஸ்தர்.

எங்களுக்கு விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்தே பழக்கம். முதல் நாள் ஊர் எது என்று கேட்டார். சிதம்பரம் என்றேன். "நான் கடலூர் முதுநகர். நீ மெட்ராஸுக்கு ரயில் ஏறினா எங்க ஊரத் தாண்டித்தான் போவணும். பாத்து மரியாதையா நடந்துக்க" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குச் 'சிதம்பரத்தார்'தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவே இல்லை.

தேர்வு அறையில் அவருடைய முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: "சாப்டீங்களா?" இல்லை என்று யாராவது சொன்னால் கேன்டீனுக்கு அனுப்பிவிடுவார். பிறகு சொல்வார்: "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. எந்தப் பக்கத்துல பாக்கணும்னாவது தெரிஞ்சா போதும். தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொன்னீங்கன்னா எனக்குப் பயம் வந்துடும். நானும் ஊருக்குப் போறப்ப உங்க ஃப்ளைட்லதான ஏறணும்?"

ஒருமுறை தேர்வுக்கு வந்த ஒருவர், பதில் சொல்லிக்கொண்டே வந்து திடீரென்று அவரிடமே ஒரு சந்தேகம் கேட்டார். இரண்டு கோளாறுகள் ஒரே நேரத்தில் வந்தால் எந்த வால்வு மூடும் என்பது கேள்வி. "எனக்குத் தெரியல" என்றார் எஸ்தர். இருவரும் கையேட்டைப் பிரித்து அருகருகே உட்கார்ந்து தேடினார்கள். பதில் கிடைத்ததும் எஸ்தர் அறையை விட்டு வெளியே ஓடிவந்து, பக்கத்து அறையிலிருந்த என்னிடம், "இன்னிக்கு எனக்கு எக்ஸாம் வச்சிட்டாருய்யா ஒருத்தரு!" என்றார். பரிசு விழுந்தவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

இனி என் கதை. துணை விமானியாக இருந்த நான் கேப்டனாக உயர்வதற்கான வாய்மொழித் தேர்வு. நடத்தியவர் எஸ்தர். வெளியே 'வா, போ' என்பவர் உள்ளே 'நீங்க' என்றார். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கடைசியாக, "காக்பிட்ல புகை வருது. மொதல்ல என்ன செய்வீங்க?" என்றார். எனக்குப் பிடித்த பாடம். புகை மின்கம்பியிலிருந்து வருகிறதா, குளிர்சாதனத்திலிருந்து வருகிறதா என்று பிரித்துக் கண்டுபிடிப்பதை விரிவாக விளக்கினேன். எஸ்தர் குறுக்கிடவே இல்லை. முடித்ததும் மெதுவாகக் கேட்டார்: "இவ்ளோ நேரமா எதால மூச்சு விட்டீங்க?"

முதலில் மாட்ட வேண்டியது ஆக்சிஜன் முகமூடி. அதை நான் மாட்டவே இல்லை.

தேறவில்லை என்று எழுதினார். சிக்கல் என்னவென்றால், மகன் கேப்டனாகிவிட்டான் என்று சிதம்பரத்தில் அம்மா முன்கூட்டியே விருந்துக்குச் சொல்லிவிட்டார். உறவெல்லாம் வருகிறது, சமையல்காரர் வந்துவிட்டார். நிறுத்த வழியில்லை. எஸ்தருக்கும் அழைப்பு போயிருந்தது. வரமாட்டார் என்று நினைத்தேன். வரக் கூடாது என்றும் நினைத்தேன்.

பந்தி தொடங்கும் நேரத்தில் கடலூரிலிருந்து வந்து இறங்கினார், கையில் ஒரு பை பலாப்பழச் சுளையோடு. அம்மா அவரிடமே புலம்பினார். "எந்தப் பாவியோ எம்புள்ளைய ஃபெயிலாக்கிட்டாம்மா."

"அந்தப் பாவி நான்தாம்மா."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்படி என்னாதான் கேட்ட?"

"வீட்ல பொக மண்டிடுச்சு. மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

"அடுப்ப அணைப்பேன்."

"நீங்களும் ஃபெயிலு!"

பெரியப்பா தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுவேன் என்றார். ஃபெயில். அத்தை நகைப்பெட்டியை எடுப்பேன் என்றார். ஃபெயில். பந்தியில் உட்கார்ந்திருந்த என் மச்சான், "நான் மொதல்ல பொண்டாட்டியக் கூப்புடுவேன்" என்றதும் பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. எஸ்தர் சம்பா சாதத்தில் கத்தரிக்காய்க் கொத்சைப் பிசைந்தபடியே ஒவ்வொருவரையும் ஃபெயிலாக்கிக்கொண்டு போனார். மூக்கைப் பொத்திக்கொள்வேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அம்மா அவர் இலையில் இரண்டாம் முறை கொத்சு வைத்தபோது நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுதேர்வை அவர் நடத்தவில்லை. "நான் பாஸ் போட்டா ஃப்ரெண்டுன்னு சொல்லுவாங்க. நீ நல்லாப் பண்ணுவ, வேற ஆள் பாக்கட்டும்" என்றார். தேறினேன். கேப்டனாக என் முதல் விமானத்தில் அவர் பயணியாக, சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து ஏறியிருந்தார். இறங்கும்போது காக்பிட் பக்கம் எட்டிப் பார்த்து, "நல்லாத் தூங்குனேன்" என்றார். எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அதுதான் பெரியது.

அடக்கத்துக்கு முதுநகர் தேவாலயத்தில் கூட்டம் கொள்ளவில்லை. பல ஊர்களிலிருந்து விமானிகள் வந்திருந்தார்கள். எல்லாம் முடிந்து வீட்டு வாசலில் டீ குடிக்கும்போது, எஸ்தரிடம் தான் கோட்டைவிட்ட கேள்வியைப் பற்றி ஒருவர் ஆரம்பித்தார். அடுத்தவர் தன் கதையைச் சொன்னார். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று அடக்கி அடக்கிப் பார்த்தோம், முடியவில்லை. உள்ளேயிருந்து எஸ்தரின் அம்மா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏம்ப்பா, ஃபெயில் ஆனவங்களே இவ்ளோ பேரு வந்துருக்கீங்களே. பாஸ் ஆனவங்கள்லாம் எங்க?"

"நாங்கதாம்மா அவங்களும்" என்றார் ஒருவர்.

அந்த அம்மா அப்போதுதான் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார்.

எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, தவறைத் தவறு என்று எழுதிவிட்டு அந்த மனிதரை விட்டு ஓடாமல் இருப்பது. போன வாரம் ஒருவரைத் தேறவில்லை என்று எழுத வேண்டியிருந்தது. காகிதத்தை அனுப்பிவிட்டு நழுவியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லி, அவரோடேயே கேன்டீனுக்கு நடந்தேன். முதலில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாவது தோசைக்குப் பேச ஆரம்பித்தார்.