கேட் சங்கரசுப்பு கொடுத்த விடை

சங்கரன்கோவில் ரயில்வே கேட்டில் வேலை பார்த்த சங்கரசுப்பு அண்ணாச்சி, ஒரே ஒரு நாள் தவிர, யாரையும் 'போ' என்று சொன்னதில்லை. எதிரே டீக்கடை வைத்திருந்த நான் அதற்குச் சாட்சி. கோழி திருடியவனைப் பிடித்துப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியபோதுகூட, "போயிட்டு வாலே" என்றுதான் அனுப்பினார். நான் சிரித்ததும் முறைத்தார். "வெறுமன போன்னு சொல்லுதது எழவு வீட்டுப் பேச்சுவே."

கல்யாணம் கட்டாத மனுஷன். கேட்தான் குடும்பம்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு பனைகளுக்கு நடுவே காற்று கிழிந்தது. அப்படித்தான் சொல்ல முடிகிறது. கிழிசலுக்குள் நம்முடைய அதே மேற்கு மலை தெரிந்தது. ஆனால் ரோடு இல்லை, வீடு இல்லை, முழுக்கக் காடு. மான் ஒன்றை விரட்டிக்கொண்டு ஒரு மனிதன் வெளியே வந்து விழுந்தான். கிழிசல் மூடிக்கொண்டது.

குட்டை உருவம், அகன்ற மார்பு, மேடு தட்டிய புருவம், மோவாயே இல்லை. டீ குடிக்க வந்த ஒரு காலேஜ் வாத்தியார் பார்த்துவிட்டு, நியாண்டர்தால் என்றார். நம் உலகத்தில் எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அற்றுப்போன இனமாம். பக்கத்திலேயே இன்னொரு பூமி இருக்கலாம், அங்கே இவர்கள் பிழைத்து நாம் அற்றுப்போயிருக்கலாம் என்றார். அவனைத் திருப்பி அனுப்ப என்ன வழி என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது என்று கிளம்பினார். படித்தவர்களுக்குச் சரியான நேரத்தில் பஸ் வந்துவிடும்.

ஊர் சில நாள் வேடிக்கை பார்த்தது. பிறகு கோவிலுக்கு ஆடித்தபசு பார்க்கப் போய்விட்டது.

தானாக வந்தவன் என்பதால் சுயம்பு என்று பெயர் வைத்து, அண்ணாச்சி அவனைத் தன்னோடு வைத்துக்கொண்டார். தினமும் குடத்தைக் கொடுத்து, அடிபம்பைக் காட்டி, "போயிட்டு வா" என்பார். அவன் தண்ணீரோடு திரும்பி வந்து, "வந்தேன்" என்பான். "கெட்டிக்காரன்லா!" என்று தட்டிக்கொடுப்பார். நம் பேச்சில் அவனுக்குப் பிடிபட்டது அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் பனைகளுக்கு நடுவே உட்கார்ந்து, இடுப்பு உயரத்தில் கையை வைத்துக் காட்டி அழுவான். அங்கே பிள்ளை இருக்கிறது என்பது எவருக்கும் புரியும்.

பங்குனியில் ஒரு மத்தியானம் கிழிசல் மறுபடி திறந்தது. ஓர் ஆள் நுழையும் அகலம்தான். அதுவும் சுருங்கிக்கொண்டே வந்தது. உள்ளே ஒரு சிறுமி நின்றாள். சுயம்பு அலறிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி ஓடினான். தென்காசி பாசஞ்சர் வரும் நேரம். கேட்டை மூடிவிட்டுப் பச்சைக் கொடியோடு நின்ற அண்ணாச்சியால் நகர முடியவில்லை. கண்ணெல்லாம் நீர்.

"போயிட்டு வா மக்கா! நல்லபடியா போயிட்டு வா!"

அவன் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்ததை நான் பார்த்தேன். பிறகு இறக்கிவிட்டான். அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தான். தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வரும் அதே பார்வை.

"ஏலே, வராத! அங்கனயே நில்லு!"

நான் கத்தியது ரயில் சத்தத்தில் போயிற்று. பெட்டி பெட்டியாக ரயில் நடுவே ஓடியது. எங்கள் இருவராலும் நிற்கத்தான் முடிந்தது.

கடைசிப் பெட்டி கடந்தபோது பனைகளுக்கு நடுவே வெறும் வெயில். சுயம்பு பனைகளுக்கு இந்தப் பக்கம் நின்றான்.

"வந்தேன்" என்று சிரித்தான்.

அண்ணாச்சி கொடியைப் போட்டுவிட்டு ஓடினார். "போ... போ மக்கா... போ..." என்று அழுதுகொண்டே அவனைப் பனைகளுக்கு நடுவே தள்ளினார். அவன் அசையவில்லை. வெறும் 'போ'வை அவன் கேட்டதே இல்லை. மீதிச் சொல்லுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.