தர்ஷிக்கு விரித்த கம்பளம்

போன சனிக்கிழமை ரொம்மன் மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழா. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

என் நண்பர்கள் மூன்று பேரின் கன்ட்ரி இசைக்குழுவைப் பற்றி இந்தப் பக்கத்தில் நிறையவே அலட்டியிருக்கிறேன். அவர்கள் எப்படித் தொடங்கினார்கள் என்று மேடையில் வாசிக்க ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். ட்ரம்ஸ் லார்ஸ் பள்ளிக்கூட பாண்டில், மே பதினேழு தேசியநாள் ஊர்வல மழையில் நனைந்து பழகியவன். நிமலனுக்குக் கிடைத்தது ட்வெய்ட்டாவில் அவன் குடியிருந்த மாடிவீட்டு நிலவறையில் யாரோ விட்டுப்போன கிட்டார் — மிஞ்சியது நாலு கம்பி. வயலின் தர்ஷி?

பத்து வயதில் இதே சங்கத்தின் சங்கீத வகுப்பிலிருந்து துரத்தப்பட்டவள்.

குற்றம்? சம்மணம் போட்டு வாசிக்க வேண்டியதை எழும்பி நின்று, காலால் தாளம் தட்டி வாசித்தது. "இதென்ன கூத்தோ? வீட்டை போ!" என்றார் வகுப்பை நடத்திய செயலாளர் மாமா. பக்கத்தில் இருந்த நான் வாயே திறக்கவில்லை. என் சம்மணம் கலையவில்லை...

சனிக்கிழமை அதே மாமா கையில் மைக். என் தாளில் அந்த ஒரு வரி மட்டும் வெட்டியிருந்தது.

"தர்ஷினி எங்கட வகுப்பில வளர்ந்த பிள்ளை! நாங்கள் போட்ட அத்திவாரம்!"

கைதட்டல் வேறு. ஒரு பிள்ளை பேர் எடுத்தவுடன் எங்கள் சங்கங்களுக்கு மறதி எவ்வளவு வசதியாக வருகிறது!

மேடையோரம் ஓடினேன். "மாமா, ஏன் வெட்டினனீங்கள்?"

"நல்ல நாளில உதெல்லாம் என்னத்துக்குத் தம்பி? அங்கை பார், பிள்ளை சம்மணம் போட்டு இருந்து வாசிக்கக் கம்பளமும் விரிச்சிருக்கிறன்."

உண்மைதான். மேடை நடுவில் புத்தம்புதுச் சிவப்புக் கம்பளம். பெரிய ட்ரம் வழுக்குகிறது, கீழே போட ஏதாவது விரிப்புத் தாருங்கள் என்று லார்ஸ் காலையில் கேட்டபோது, "ஒண்டும் இல்லை" என்றவரும் இவர்தான்.

தர்ஷி வந்தாள். கம்பளத்தைப் பார்த்தாள். மைக்கை வாங்கினாள்.

"மாமா, நிண்டு வாசிச்சதுக்குத்தானே என்னைக் கலைச்சனீங்கள்? இண்டைக்கும் நிண்டுதான் வாசிப்பன்."

நான் பத்து வயதில் சொல்லியிருக்க வேண்டியதை அவளே சொல்லிவிட்டாள். பிறகு குனிந்து, கம்பளத்தைச் சுருட்டி லார்ஸிடம் நீட்டினாள்.

அன்றைக்கு ட்ரம் ஓர் அங்குலம்கூட வழுக்கவில்லை.