கதவுக்கு மேலே ஒரு கை இடம்

லண்டனின் தெற்கு ஓரத்தில் ஒரு மரக்கிடங்கு. ஊர் பார்க்க வந்த நான், முழு மரங்களை அடுக்கி வீடு கட்டச் சொல்லித்தரும் ஒருநாள் வகுப்பில் உளியோடு நிற்கிறேன். என் கூட்டாளி சிவம் அண்ணன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கோலியர்ஸ் வுட்டில் குடியிருப்பவர். செங்கல் வீடுகளுக்குக் கதவு பொருத்துவது அவர் தொழில். இங்கேயும் கதவு நிலையை, ஒரு தாள்கூட நுழையாதபடி சுவருக்குள் இறுக்கிவிட்டார்.

ஆசிரியை ஹெலன் வந்து பார்க்கிறார். நிலைக்கு மேலே ஒரு கை நுழையும் அளவு இடம் விட வேண்டுமாம். பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், சுவரும் கூடவே இறங்கும் என்கிறார்.

"காத்து வராதோ?" என்று என்னிடம் கேட்கிறார் சிவம். "நான் போட்ட கதவில ஒருத்தரும் இடைவெளி கண்டதில்லை."

"கம்பளி வச்சு அடைச்சுடுவாங்களாம் அண்ணா."

"கதவுக்குக் கம்பளியோ?"

சிவத்தின் தயக்கம் ஹெலனுக்குப் புரிகிறது. முன்பு இந்த வகுப்பில் படித்தவர்கள் இடம் விடாமல் கட்டிய குடில் ஒன்று மூலையில் நிற்கிறது, அதைக் கைகாட்டுகிறார். சிவம் போய்க் கதவை இழுக்கிறார், தோளால் முட்டுகிறார். அசையவில்லை. சுவர் மொத்தமும் நிலையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் சுத்தியலை எடுக்க எல்லோரும் ஜன்னல் ஏறித்தான் போகிறார்கள். அவரும் ஏறிக் குதிக்கிறார்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறேன். அந்த நிலையின் இடைவெளியே இல்லாமல் சேர்ந்த மூலையை விரலால் தடவிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணா, நம்ம நிலையைக் கழட்டிடலாமா?"

"ஓம், கழட்டுவம்," என்கிறார், கையை எடுக்காமல். "ஆனா தங்கச்சி, இதைச் செய்தவன் வேலை தெரிஞ்சவன்."