விளக்கு வைத்த பிறகு வண்டிக்குக் கரண்டு

எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து ஒரு கறுப்பு வயர் இறங்கி, கேட்டைத் தாண்டி, ரோட்டோரம் நிற்கும் வண்டி வரைக்கும் போகிறது. கோத்தகிரியில் நான் ஆட்டைக் கட்டிப்போட்டது போல, கண்டியில் என் மகன் செல்வம் வண்டியைக் கட்டிப்போடுகிறான். பெட்ரோல் கேட்காத, உயரமான புது வண்டி. ராத்திரி முழுக்கக் கரண்டு குடித்தால்தான் மறுநாள் மலையேறும். போன வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன், வயர் கண்ணில் பட்டது. வெள்ளி விளக்கு வைத்த பிறகு உப்போ பாலோ வீட்டை விட்டு வெளியே கொடுக்கமாட்டோம், கோத்தகிரியில் இருக்கும் உங்களுக்கே தெரியும். கரண்டு மட்டும் போகலாமா? கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் அக்கா பேத்திக்குச் சடங்கு. அக்காவுக்கு ஆண்பிள்ளை இல்லை, என் மகன்தான் தாய்மாமன். அந்தத் தோட்டத்தில்தான் நானும் பிறந்தேன். சிறுமியாய் இருந்தபோது எங்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கல்யாணமாகியிருந்த அக்கா இங்கேயே நின்றுவிட்டாள். கோத்தகிரியில் நீங்கள் என்னைச் சிலோன்காரி என்றீர்கள். மகனுக்குக் கண்டிப் பக்கம் பல்லேகலயில் வேலை கிடைத்து நானும் வந்த பிறகு, இங்கே நான் இந்தியாக்காரம்மா. சீர் நல்ல நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால், இந்தியாக்காரர் சீர் இவ்வளவுதான் என்று வரிசை வீடுகள் கொண்ட லயமே பேசும்.

அரிசி மூட்டை, வாழைக்குலை, தேங்காய், தட்டுகள் எல்லாம் ஏற்றிய பிறகுதான் செல்வம் வண்டியின் திரையைப் பார்த்தான்.

"யாரும்மா வயர கழட்டினது?"

"நாந்தான். வெள்ளிக்கெழம வெளக்கு வச்சப்பறம் எவடா வீட்டுல இருந்து குடுப்பா?"

"வண்டியும் நம்ம வீட்டுதுதானம்மா!"

"கேட்டுக்கு வெளிய நிக்குதுல்ல?"

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வம் சுருட்டி வைத்த வயரையும் தூக்கி வண்டியில் போட்டான். டவுனில் சார்ஜ் போடும் இடத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. காத்திருக்க நேரமில்லை, கிளம்பிவிட்டோம். மல்லிகைப்பூ வாடாமலிருக்க நான் ஏசி போடச் சொல்லியிருந்தேன், அதையும் நிறுத்தினான். ஏற்றம் ஏற ஏற, திரையிலுள்ள எண் படி இறங்குவது போல இறங்கியது. தலாத்துஓயாவில் ஓரமாக நிறுத்தி, "இவ்வளவு பாரத்தோட மேல ஏறாதும்மா," என்றான்.

எதிர்க்கடை முதலாளி ஒரு போத்தல் பெட்ரோலோடு ஓடிவந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் வேண்டாம் என்றேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அம்மே, மூடிய கோ?" என்று பெட்ரோல் மூடி எங்கே எனத் தேடினார். மூடியே இல்லாத வண்டி என்று செல்வம் விளக்கிச் சொன்னதும், போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்.

அந்நேரம் ஹேவாஹெட்ட பஸ் வந்தது. "அரிசியும் நானும் இதுல போறோம். நீ தட்டோட வந்து சேரு," என்று மருமகளையும் இழுத்துக்கொண்டு ஏறினேன். கண்டக்டர் மூட்டையைத் தூக்கிப் போட்டார். பஸ், நின்ற வண்டியைத் தாண்டிப் பறந்தது. நான் கையாட்டினேன். மகன் ஆட்டவில்லை.

லயத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது நாங்கள்தான். "பொறந்த வீடுதானடி, புடி," என்று அக்கா ஆரத்தித் தட்டை என் கையில் திணித்தாள். வண்டி எங்கே, வண்டி எங்கே என்று சனம் கேட்கக் கேட்க நான் தட்டோடு ரோட்டையே எட்டி எட்டிப் பார்த்தேன். நல்ல நேரம் முடியப்போகிறது என்றபோது, சத்தமே இல்லாமல் வண்டி ஊர்ந்து வந்து நின்றது. இறங்கிய செல்வம் முதல் வேலையாக வயரை அக்கா வீட்டுச் சன்னலுக்குள் நீட்டினான். மேளக்காரர் அடிக்கத் தொடங்கினார். நான் ஆரத்தித் தட்டோடு முன்னால் போனேன்.

"அடியே, நீ எந்தப் பக்கம்? தாய்மாமன பெத்தவ சீரோடல்ல வரணும்!" என்று அக்கா கத்தினாள்.

லயமே சிரித்தது. ஆரத்தியை அவளிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். சீர்த்தட்டை ஏந்திக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் போல நிமிர்ந்து நடந்து, கொஞ்சம் முன்பு நான் நின்ற அதே இடத்துக்கு விருந்தாளியாக வந்தேன். அக்கா எனக்கு ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தாள். காலடியில் வயர், அவள் சன்னலிலிருந்து எங்கள் வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. மிதிக்காமல், தாண்டவும் தோன்றாமல் நின்றேன். நல்லவேளை, அன்று வெள்ளி இல்லை, அக்கா விளக்கு வைக்கவும் இன்னும் நேரம் இருந்தது.