கவிழ்ந்து கிடந்த கற்கள்

இது என் வீட்டுப் பின்புறத்தில் நடந்தது. நடந்து ஏழு மாதம் ஆகிறது. கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் பேச்சை மாற்றினார்கள். நான் குடிப்பதில்லை. காது நன்றாகக் கேட்கும். முப்பது வருடமாகக் கொத்தனார் வேலை பார்க்கிறேன், சுவர் நூல் அளவு சாய்ந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. இல்லாததை இருப்பதாகச் சொல்கிற ஆள் இல்லை நான். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாவது மாதம். மருமகனுக்குக் கப்பலில் வேலை, வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. என் வீடு ஒரே அறை. குழந்தை பிறப்பதற்குள் பின்புறம் இன்னோர் அறை எழுப்பிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். பகலில் ஊரார் சுவர், மாலையில் என் சுவர். பழைய கட்டடம் இடித்து விற்கிறவரிடம் ஒரு லோடு பழைய செங்கல் வாங்கிப் போட்டேன்.

இங்கே கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இப்போது சாம்பல் கல், சிமெண்ட் கல், எடையே இல்லாத வெள்ளைக் கல் என்று என்னென்னவோ வந்துவிட்டது. என்னைக் கேட்டால் சூளையில் வெந்த மண்தான் கல். அதிலும் எல்லாம் ஒன்றல்ல. பதமாக வெந்தது சுவருக்கு. தீக்குப் பக்கத்தில் கிடந்து கருகிக் கோணிப்போனது அஸ்திவாரத்துக்கு. வேகாதது ஒன்று இருக்கிறது, அது எதற்கும் ஆகாது. மேலே சிவப்பாக நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், உள்ளே பச்சை மண். தண்ணீர் இறங்கினால் கரையும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டுவதுதான். வெந்த கல் ‘டிங்’ என்று மணி மாதிரி பேசும். வேகாதது ‘டப்’ என்று செத்த சத்தம் போடும்.

என் மனைவி என்னிடம் சித்தாளாக இருந்தாள். தட்டாமல் ஒரு கல்லைக் கையில் கொடுக்க மாட்டாள். வேலையிடத்தில் அவளுக்கு மணியக்கா என்றே பெயர். நல்ல கல்லை, அதன் ஒரு முகத்தில் இருக்கிற பள்ளம் மேலே தெரியும்படி வைப்பாள், ஆகாததைக் கவிழ்த்து வைப்பாள். அது அவளாக வைத்துக்கொண்ட வழக்கம், வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கடையில் பானை வாங்கினாலும் தட்டித்தான் வாங்குவாள். கல்யாணத்துக்கு முன்னால் என்னையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருக்கலாம்.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஆலையில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த ஒரு சுவர் மழையில் சரிந்தது. அவள் அடியில் நின்றிருந்தாள். மகளுக்கு அப்போது பத்து வயது. கல்லைச் சரியாகப் பிரிக்காமல் கொடுத்துவிட்டாள், அவள் கவனக்குறைவுதான் அவளைக் கொன்றது என்று மேஸ்திரி சொன்னார். எல்லோரும் அதையே சொன்னார்கள். மகளும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு நான் கல்லைத் தட்டுவதையே விட்டுவிட்டேன், அந்தச் சத்தம் எனக்கு ஆகவில்லை. நகத்தால் கீறிப் பார்ப்பேன், அவ்வளவுதான். காரையும் சுண்ணாம்பும் ஒட்டிய பழைய கல்லில் நகம் என்ன சொல்லும்?

திங்கட்கிழமை. மாலை ஆறு பத்து. கை கழுவிக்கொண்டிருந்தேன்.

டிங்... டிங்... டப்.

கல் அடுக்கின் பின்னாலிருந்து வந்தது. பக்கத்து வீட்டில் ஏதோ தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை. காலையில் பார்த்தால் அடுக்கின் ஓரத்தில் ஐந்து கல் தனியாகக் கிடந்தது. ஐந்தும் கவிழ்ந்து.

எனக்குக் கோபம்தான் வந்தது. மகளிடம் போய், இந்த நிலைமையில் கல்லைத் தூக்கி விளையாடுகிறாயா என்று சத்தம் போட்டேன்.

“குனிஞ்சு செருப்பே போட முடியல, நான் கல்லைப் புரட்டுறேனா?” என்றாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அம்மா அன்னிக்கு ஒழுங்காத் தட்டிப் பாத்திருந்தா, இன்னிக்கு நமக்கு இந்தப் பாடு இல்ல.”

அந்த ஐந்து கல்லையும் எடுத்துக்கொண்டு போய், அன்று மாலையே சுவரில் வைத்துக் கட்டினேன். வீம்புதான், வேறென்ன சொல்வது.

செவ்வாய், ஆறு பத்து. மறுபடியும் சத்தம். காலையில் ஒன்பது கல் கவிழ்ந்து கிடந்தது. ஒவ்வொன்றின் மேலும் ஈரமாக விரல் தடம். அது காய்ந்து மறையும் வரை நின்று பார்த்தேன். மகளிடம் சொல்லவில்லை. அந்த ஒன்பதையும் தொடவில்லை.

புதன்கிழமை மகள் சீக்கிரமே படுத்துவிட்டாள். சுவர் நான்கு வரிக் கல் உயரம் எழும்பியிருந்தது. தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒற்றை பல்பு. காற்றில்லை. மணி பார்த்தேன், ஆறு ஒன்பது.

சத்தம் வரக் கூடாது என்று நினைத்தேன்.

டப்.

அடுக்கிலிருந்து இல்லை. சுவருக்குள்ளிருந்து.

குனிந்து சுவரில் காதை வைத்தேன். ஈர மண் வாசம். உள்ளே யாரோ விரல் முட்டியால் தட்டுவது மாதிரி... மெதுவாக... ஒரே இடத்தில்.

டப்... டப்...

அந்தக் கல் அசைந்தது.

என் கண் முன்னால் ஒரு விரற்கடை வெளியே வந்தது.

நின்றது.

பிறகு விழுந்தது. கவிழ்ந்து.

குழாயைக் கீழே போட்டேன். விழுந்த கல்லை மிதித்தேன். இரண்டாக உடைந்தது. உள்ளே பச்சை மண். ஈரக் கையில் பிசைந்தால் உருண்டை பிடிக்கலாம்.

இந்தச் சுவரின் மறுபக்கத்தில்தான் குழந்தையின் தொட்டில் வரப்போகிறது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பதின்மூன்று வருடமாகத் தொண்டைக்குள் வைத்திருந்தது அப்போதுதான் மேலே வந்தது. அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. பாதிச் சுவர் பாக்கி. அவள் பாட்டுக்கு ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் சாரத்தின் மேலிருந்து எரிந்து விழுந்தேன். “தட்டுனது போதும். சும்மா எடுத்துக் குடு.” அவள் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் தட்டவில்லை. கவிழ்த்து வைத்திருந்த கல்லைக்கூட நான் சொல்லித்தான் எடுத்துக் கொடுத்தாள்.

பழி அவள் மேல் விழுந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம். பிறகு மகள் என்ன நினைப்பாளோ என்ற பயம். செத்தவள் வந்து கேட்கவா போகிறாள் என்று இருந்துவிட்டேன்.

பல்பு மங்கியது. அடுக்குப் பக்கம் கல் உரசும் சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“தட்டும்மா,” என்றேன். “எவ்வளவு நேரம் வேணும்னாலும் தட்டு. இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

டிங்.

டிங்.

டப்.

ஏழு இருபத்தைந்து வரை நடந்தது. நடுவில் ஒரு தடவை, மிக அருகில், மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கல் சுமக்கிறவர்கள் விடுகிற மூச்சு. நான் கண்ணைத் திறக்கவில்லை. பயந்தேன் என்பது உண்மை. ஆனால் பயத்தைவிட அழுகைதான் அதிகமாக வந்தது.

பல்பு தெளிந்தபோது பார்த்தேன். ஒரு லோடு கல்லும் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் நிமிர்ந்தவை. ஒரு பக்கம் கவிழ்ந்தவை. சுவரில் நான் வீம்புக்கு வைத்த மற்ற நாலு கல்லும் இருந்த இடத்தில் நாலு ஓட்டை.

வியாழக்கிழமை காலை கல் விற்றவரிடம் போனேன். பாதிக் கல் வேகாதது, இதைப் போய் என் தலையில் கட்டினாயே என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினேன். அவருக்கே ஆச்சரியம்.

“எனக்கெப்படித் தெரியும்ணே? பழைய ஆலை குடோன் இடிச்ச கல்லு. ஒரே ஒரு சுவர் மட்டும் கை வச்சதும் பொலபொலன்னு வந்துச்சு, அதுதான் உங்க லோடு. என்னமோ அந்தச் சுவர் கட்டும்போதே ஒரு தடவை விழுந்துச்சாம். ஒரு பொம்பளை போயிட்டாளாம். முதலாளி விழுந்த கல்லையே பொறுக்கித் திரும்பக் கட்டிட்டான்.”

எந்த ஆலை என்று கேட்டேன். கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவள் மேல் விழுந்த கல். அதைத்தான் விலை கொடுத்து வாங்கி, அவள் மகள் படுக்கும் அறைக்குச் சுவர் வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து கிடந்தவை அவள் அன்று தட்டிக் கொடுத்தவை. கவிழ்ந்து கிடந்தவை நான் தட்டவிடாதவை.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேட்டாள்.

“பதிமூணு வருஷமா அம்மாவைத் திட்டிட்டு இருந்தேனேப்பா. ஒரு நாள்கூட உங்களுக்குச் சொல்லத் தோணலையா?”



மாலை அவளே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்புறம் வந்தாள். ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு குவியலுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கவிழ்ந்து கிடந்த கல் ஒன்றை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். ஆறு பத்து ஆனது. நல்ல கல் குவியலின் பின்னால் சத்தம் ஆரம்பித்தது. அவளுக்கும் கேட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பயப்படாதே என்று சொல்ல வாயெடுத்தேன்.

மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நீங்க பேசாதீங்கப்பா,” என்றாள். “அம்மா தட்டட்டும்.”