துடக்கோடு போன கலியாணம்

சித்தப்பா செவ்வாய்க்கிழமை நோர்வேயில், திராமன் ஆஸ்பத்திரியில் செத்தார். வெள்ளிக்கிழமை நான் இத்தாலிக்குப் பறக்க வேண்டும். சனிக்கிழமை சியனாவில் என் சிநேகிதிக்குக் கலியாணம்.

சித்தப்பா அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. நான் கலியாணம் கட்டாதவள். ஆகவே எனக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கட்டியிருந்தால் புருஷன் வீட்டோடு சேர்ந்திருப்பேன், துடக்கும் என்னை விட்டிருக்கும். துடக்குக்காரர் கோயிலுக்குப் போகக் கூடாது, நல்ல காரியத்தில் முகம் காட்டக் கூடாது. இதை நான் நம்பியதில்லை. என் சிநேகிதியும் நம்பியதில்லை. ஒஸ்லோவில், புருசெத்தில் ஒரே கட்டடத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் நாலாம் மாடி, நான் இரண்டாம் மாடி. துடக்கென்று சொல்லி அவளின் அம்மா கோயிலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் நாட்களில் இரண்டு பேரும் படிக்கட்டில் இருந்து சிரிப்போம்.

எங்கள் கலியாணத்தில் மாப்பிள்ளை கூறைச் சேலையைத் தட்டில் வைத்துக் கொடுப்பார். பொம்பிளை உள்ளே போய் அதை உடுத்திக்கொண்டு வந்த பிறகுதான் தாலி. ஐயர் நேரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார், பட்டோ பாரம், அவசரத்தில் கொசுவம் நிற்காது. எனக்குச் சேலை உடுத்திவிட நன்றாக வரும். "என்ரை கூறையை நீதான் உடுத்திவிட வேணும்" என்று பதினேழு வயதில் சொன்னவள். அதற்காகத்தான் போகிறேன். சியனாவைப் பார்க்க இல்லை.

புதன்கிழமை பஸ் ஓட்டி முடித்து வந்து அவளுக்கு ரெலிபோன் எடுத்தேன். சித்தப்பா செத்ததைச் சொன்னேன்.

"அன்ரிக்குச் சொல்லவோ?" என்று கேட்டேன்.

"விசரே உனக்கு? அம்மாக்குச் சொன்னா உன்னை ஒஸ்லோவிலையே மறிச்சுப்போடுவா. வாயை மூடிக்கொண்டு வா."

"பிடிபட்டா?"

"பிடிபட்டா நான் பாக்கிறன். நீ வாடி."

அப்பா மறிக்கவில்லை. "செத்தவீடு வாற புதன்கிழமை. அதுக்கு இஞ்சை நிக்க வேணும், விளங்குதோ?" என்றார். மரண அறிவித்தலை ஞாயிறு வரை போட வேண்டாம் என்று கேட்டேன். ஓம் என்றார். கனடாவில் இருக்கும் சித்தியின் தமையனுக்கு இதைச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. அந்த மனுசன் உதவி செய்கிறேன் என்று வெள்ளி இரவே இணையத்தில் அறிவித்தலைப் போட்டுவிட்டார். அந்த அறிவித்தல்களில் ஒரு உறவும் தப்பாது. பெறாமக்கள், அதாவது கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகள், என்ற வரியில் என் பெயர், பக்கத்தில் நோர்வே.

அன்ரி காலையில் தேத்தண்ணியோடு பார்ப்பது மரண அறிவித்தல்தான். ஆர் செத்தது, எந்த ஊர், ஆரின் சொந்தம். ஒஸ்லோவில் எனக்குத் தெரிந்த முக்கால்வாசி அன்ரிமார் அப்படித்தான். மகளின் கலியாண நாளில் பார்க்க மாட்டா என்று நினைத்தது என் மொக்குத்தனம்.

சனி காலை, கலியாணம் நடக்கிற ஹொட்டேலின் சாப்பாட்டறை. ஒரு காலத்தில் ஆரோ பிரபுவின் மாளிகையாம், கூரையெல்லாம் சித்திரம். அன்ரி தன் போனை என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தா. சித்தப்பாவின் படம்.

"இது ஆர், பிள்ளை?"

"சித்தப்பா."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை செத்திருக்கு. நீ இண்டைக்கு என்ரை பிள்ளையின்ரை மணவறையிலை வந்து நிக்கப் போறாய், என்ன?"

"அன்ரி, நான் உதுகளை நம்பிறேல்லை."

"நீ நம்பாதை. நான் நம்பிறனெல்லோ. எத்தினை நாள் என்ரை வீட்டிலை சாப்பிட்டனீ? என்னட்டை ஒரு சொல்லுச் சொன்னா என்ன?"

அது சரிதான். சொல்லியிருக்க வேண்டும். மருமகன் நோர்வேக்காரனாக இருக்கலாம், ஐயர் ஜெர்மனியிலிருந்து விமானத்தில் வரலாம், நான் மட்டும் வரக் கூடாதா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. என் சிநேகிதி தலைமயிரில் சுருள்களோடு எதிரே இருந்தாள். அவள் பார்த்துக்கொள்வாள் என்று இருந்தேன்.

அன்ரி அவளைப் பார்த்தா. "உனக்குத் தெரியுமோடி?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தட்டில் இருந்த பாணைப் பார்த்தாள்.

"இல்லையம்மா. எனக்குத் தெரியாது."

நான் எழும்பி வெளியே போனேன். அந்த ஊரின் பெரிய சதுக்கம் சரிவாக இருக்கும், செங்கல் தரை. சனம் வெயிலில் படுத்துக் கிடந்தது. நானும் இருந்தேன். என்ன பார்த்தேன் என்று ஞாபகம் இல்லை.

பன்னிரண்டு மணிக்குப் பிறகு போன் அடித்தது. அவள்தான்.

"எங்கை நிக்கிறாய்? மச்சாளுக்குக் கூறை உடுத்திவிடத் தெரியேல்லை. மூண்டு தரம் அவிட்டாச்சு. ஐயர் கத்துறார். பின் படியாலை வா, அம்மா கீழை நிக்கிறா."

போயிருக்கக் கூடாது. போனேன். அவளின் மச்சாள் கதவைத் திறந்துவிட்டு வாசலில் காவல் நின்றாள். நான் சேலையை முழுதாக உருவி, முதலிலிருந்து தொடங்கினேன். ஊசிகள் என் வாயில் இருந்தன, கதைக்கத் தேவையில்லை. கொசுவத்தைச் செருகும்போது அவள் அழத் தொடங்கினாள்.

"சொறியடி, மன்னிச்சுக்கொள்."

"ஆடாதை. ஊசி குத்தும்."

அவள் முன் படியால் இறங்கினாள். நான் பின் படியில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒலிபெருக்கியில் கெட்டிமேளம் கேட்டது. தாலி ஏறிவிட்டது என்று தெரிந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

புதன்கிழமை திராமனில் சித்தப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். என்னை மடியில் வைத்துக் கார் ஸ்டியரிங் பிடிக்கவிட்ட மனுசன். அவரை நினைத்து அழ வேண்டிய நேரத்தில் "எனக்குத் தெரியாது" என்ற அவளின் குரல்தான் காதில் நின்றது. அதை நான் அவளுக்கு மன்னிக்கவில்லை.

அவளின் கலியாணம் இரண்டு வருஷம்தான் நிலைத்தது. இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டார்கள். அவள் புருசெத்துக்குத் தாயிடம் திரும்பி வந்தாள். வந்து, கூறையை உடுத்திவிட்டது நான்தான் என்று தாயிடம் சொல்லிவிட்டாள். பிறகு கேட்க வேணுமோ? ஹொல்ம்லியாவில் தமிழ்க் கடையில் அன்ரி சொன்னதாக என் அம்மாவுக்கு வந்து சேர்ந்தது: "துடக்குக் கை பட்ட கூறை எப்பிடி நிலைக்கும்?" அன்ரி அப்படித்தான் கதைப்பா. அவவை எனக்குத் தெரியும்.

ஒரு பின்னேரம் கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்தியிருந்தேன். அவளிடமிருந்து செய்தி வந்தது. இரண்டு வருஷத்தில் முதல் செய்தி.

"நீ அண்டைக்கு வந்து அதைத் தொட்டிருக்கக் கூடாது."

"நீதானே கூப்பிட்டனீ" என்று எழுதினேன்.

வாசித்தாள். புறப்படுகிற நேரம் வந்தது, கதவைத் திறந்து ஆட்களை ஏற்றினேன். அவளின் இலக்கத்தை அன்றைக்கே அழித்தேன். அந்த இலக்கம் எனக்கு மனப்பாடம், அழித்தும் பயனில்லை.